கேட்டு வாங்கிய பீரியடுகள்

2 டிசம்பர், திங்கள்

வகுப்பு: நான் ஒருத்திதான். வயது அறுபத்தாறு. பாடம்: உலக வரலாறு. துணைக்கருவி: டிவி.

ஓய்வு பெற்ற அன்று பீரோவில் வைத்த பாடக்குறிப்பு நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளையாகவே கிடந்தது. இன்று எடுத்துத் தூசி தட்டினேன். முன்பாதியில் பத்தாம் வகுப்பு இயற்கணிதம் இருக்கிறது. பின்பாதியில் இனி மெசபடோமியா இருக்கும்.

யூடியூபில் ஒரு பெண் உலக வரலாறு முழுவதையும் தமிழில் இலவசமாக நடத்துகிறாள். மொத்தம் அறுபது பாடம், பாடத்துக்கு அரை மணி. கண்ணாடி போட்டிருக்கிறாள். பின்னால் ஒரு பெரிய உலகப் படம். வேகமாகப் பேசுவதில்லை, அதுவே எனக்குப் பிடித்தது.

"கணக்கு டீச்சருக்கு இந்த வயசுல எதுக்கு வரலாறு?" என்று வீட்டில் இவர் கேட்டார். தபாலாபீசில் முப்பது வருடம் முத்திரை குத்தியவர். யாரையும் சும்மா தாண்டிப்போக விடமாட்டார்.

"தெரிஞ்சுக்கத்தான்."

"சரி, நம்ம வீட்டு டிவிலயே வருதே. எதுக்கு ரெண்டு தெரு தள்ளி தங்கபுஷ்பம் டீச்சர் வீட்டுக்குப் போகணும்?"

"அவங்க வீட்டு டிவி பெரிசு."

அவர் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

3 டிசம்பர், செவ்வாய்

நாலு மணிக்குப் போனேன்.

தங்கபுஷ்பம் டீச்சரும் நானும் சாத்தூரில் ஒரே பள்ளியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தோம். அவர் வரலாறு. ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் மேஜை. ஐப்பசி மழையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார், இடது கையால் சாப்பிடுகிறார். நாம் பேசுவது அத்தனையும் புரிகிறது. ஆனால் அவருடைய வாயில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வார்த்தை. "சரி."

கூட இருந்து பார்த்துக்கொள்வது சண்முகக்கனி. ஐம்பது வயது, நல்ல உடம்பு, ஊருக்கே கேட்கிற குரல்.

"டீச்சர் சாப்ட்டாங்களா கனி?"

"ரெண்டு இட்லி சாப்ட்டாக டீச்சரம்மா. மூணாவது வைக்கட்டான்னு கேட்டா சரிங்காக. வச்சா தொட மாட்டேங்காக. வேண்டாம்ங்கிறதுக்கும் சரி, வேணும்ங்கிறதுக்கும் சரி. நான் எதைன்னு எடுத்துக்க?"

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பில் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் தாமதமாக வருகிறது.

"டீச்சர், நான் வரலாறு படிக்கப் போறேன். உங்க வீட்டுல உக்காந்து பாக்கலாமா?"

"சரி."

முதல் பாடம், மனிதன் பயிர் செய்யக் கற்றுக்கொண்டது. கனி முறத்தோடு வந்து உட்கார்ந்து, முறத்தை மறந்துவிட்டாள்.

5 டிசம்பர், வியாழன்

பாபிலோன். ஒரு மணிக்கு அறுபது நிமிடம் வைத்ததே அவர்களுடைய கணக்கு முறையிலிருந்து வந்ததாம்! எனக்கு உட்கார முடியவில்லை. அறுபதை இரண்டாகப் பங்கு போடலாம், மூன்றாகப் போடலாம், நாலு, ஐந்து, ஆறு, எதற்கும் மீதி வராது. எடுத்துக்காட்டாக, அறுபது முறுக்கை வைத்துக்கொண்டு ஆறு பேர் இருக்கிற வீட்டுக்குப் போனாலும் சண்டை வராது, ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்குப் போனாலும் வராது. இதைக் கனிக்கு விளக்கி முடிப்பதற்குள் பாபிலோன் போய் எகிப்து வந்துவிட்டது.

புஷ்பம் டீச்சர் புருவத்தைத் தூக்கினார். நான் எதற்குள்ளும் கணக்கை நுழைக்கும்போது ஸ்டாஃப் ரூமில் பார்த்த அதே பார்வை.

8 டிசம்பர், ஞாயிறு

இன்று எப்சிபா போனில் வந்தாள். டீச்சரின் ஒரே மகள், ஓசூரில் வேலை. பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், இப்போதும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறாள்.

பிப்ரவரி இரண்டாம் தேதி லாரி சொல்லியிருக்கிறாளாம். அம்மாவை ஓசூருக்கே கூட்டிப்போய்விடப் போகிறாள். வீட்டை வாடகைக்கு விடுவதாக ஏற்பாடு.

"அம்மாகிட்ட கேட்டேன் மிஸ். சரின்னுட்டாங்க."

"எப்சி, அவங்க எல்லாத்துக்கும் அதைத்தாம்மா சொல்றாங்க."

"அதுக்காக நான் கேக்காம முடிவு பண்ண முடியுமா? கேட்டேன். சரின்னாங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினேன். "டீச்சர், உங்க காபில ஒரு கரண்டி உப்பு போடட்டுமா?"

"சரி."

எப்சி சொன்னாள். "எனக்கும் தெரியுது மிஸ். ஆனா நான் அங்க இல்லாதப்ப அவங்களுக்கு ஒண்ணுன்னா? போன் பண்ணி 'சரி'ன்னா நான் என்னன்னு புரிஞ்சுக்கறது? அவங்க வாயால 'வரமாட்டேன்'னு ஒரு தடவை சொல்லட்டும். லாரியை அன்னிக்கே நிறுத்திடறேன்."

நியாயமான பெண். அவள்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்தேன்.

டீச்சருக்குப் போக விருப்பமா, இல்லையா? எனக்குத் தெரியாது. போன் பேசி முடித்ததிலிருந்து அவர் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரியும்.

9 டிசம்பர், திங்கள்

மதுரையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறாள். அவளிடம் போனில் கேட்டேன். "வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்கும்மா. சொல்லியே ஆகணும்னு அவங்களுக்கே ஒரு அவசரம் வரணும். வந்தா ஒண்ணு ரெண்டு வெளிய வந்துடும்" என்றாள்.

ஒரு டீச்சருக்கு எப்போது அந்த அவசரம் வரும்? எதிரில் இருப்பவள் தப்பாகப் பதில் சொல்லும்போது!

திட்டம் தயார்.

11 டிசம்பர், புதன்

தப்பு எண் ஒன்று. "நைல் நதி வடக்குலருந்து தெற்க ஓடுது, இல்லையா டீச்சர்?"

அவருடைய கண் அகலமானது. வாய் திறந்தது.

"சரி" என்றார்.

13 டிசம்பர், வெள்ளி

தப்பு எண் நாலு. அலெக்சாண்டர் மதுரை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனதாகச் சொன்னேன்.

"மதுரைக்கா? அங்கருந்து சாத்தூர் ஒண்ணரை மணி நேரம்தானே டீச்சரம்மா. ஒரு எட்டு வந்து சேவு வாங்கிட்டுப் போயிருக்கலாம்" என்றாள் கனி.

புஷ்பம் டீச்சர் சிரிக்கவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லிச் சைகை காட்டினார்.

17 டிசம்பர், செவ்வாய்

இன்று தப்பு எண் ஒன்பதைச் சொன்னேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

வரும் வழியில்தான் உறைத்தது. பரீட்சை ஹாலில் பென்சிலைத் தவறவிடுகிற பெண்ணுக்கும் தவறவிட்டதுபோல நடிக்கிற பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முதுகைக் காட்டி நின்றாலும் தெரியும். டீச்சருக்கு மட்டும் தெரியாதா? ஒரு வாரமாக நான் பென்சிலைத் தவறவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவருக்குப் பேச்சுத்தான் போனது. புத்தி அப்படியே இருக்கிறது. அதை மறந்தவள் நான்.

18 டிசம்பர், புதன்

முட்டி வலி. போகவில்லை.

19 டிசம்பர், வியாழன்

முட்டி வலி இல்லை. ஆனாலும் போகவில்லை.

22 டிசம்பர், ஞாயிறு

"என்ன, வரலாறு முடிஞ்சு போச்சா?" என்று இவர் கேட்டார்.

"இல்ல. கொஞ்சம் வேலை."

"என்ன வேலை? கீரை ஆய்ற வேலையா? மூணு நாளா அதே கீரையை ஆயற." பேப்பரை மடித்து வைத்தார். "நீ அந்த டீச்சர்கிட்ட வாங்கின பீரியடையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டுத்தான் ஓய்வேன்னு நான் நினைச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. எதற்கு வந்தது என்று யோசித்ததில், எழுதி வைப்பது நல்லது என்று தோன்றுகிறது.

பொதுத்தேர்வு நெருங்கினால் எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். கணக்குக்கு நேரம் போதாது. பி.டி. பீரியடு, நன்னெறி பீரியடு, ஓவியப் பீரியடு எல்லாவற்றையும் கேட்டு வாங்குவோம். அவை தீர்ந்தபின் வரலாறு. பத்தாம் வகுப்பு பி பிரிவு வாசலில் சாக்பீஸ் டப்பாவோடு நான் நிற்பேன். உள்ளே தங்கபுஷ்பம் டீச்சர் அப்போதுதான் உலகப் படத்தை ஆணியில் மாட்டிக்கொண்டிருப்பார்.

"டீச்சர், ஒரு பத்து நிமிஷம் குடுங்க. இதோ முடிச்சிடறேன்."

பத்து நிமிடம் நாற்பது நிமிடமாகும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், அறுபது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் அவர் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வருவார்.

"சரி" என்பார்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூட வேறு வார்த்தை சொன்னதில்லை. கணக்கில் எங்கள் பள்ளியின் தேர்ச்சி மாவட்டத்திலேயே பேசப்பட்டது. ஆகவே இதில் தவறு ஒன்றும் இல்லை. எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

நாளை போக வேண்டும்.

25 டிசம்பர், புதன்

கிறிஸ்துமஸ். டீச்சர் வீட்டு வாசலில் காகித நட்சத்திரத்தைக் கனிதான் ஏணி போட்டுக் கட்டினாள். எப்சிக்கு லீவு கிடைக்கவில்லை, இருக்கிற லீவையெல்லாம் பிப்ரவரிக்குச் சேர்த்து வைக்கிறாளாம். நானும் இவரும் போய்க் கேக் சாப்பிட்டோம். தப்புக் கதையை முந்தின நாள் இவரிடம் சொல்லியிருந்தேன். இவர் டீச்சருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, "இவ இனிமே வேணும்னு தப்பு சொல்ல மாட்டா டீச்சர், நான் கண்டிச்சு வச்சிருக்கேன்" என்றார்.

டீச்சர் சிரித்தார். இந்த முறை சிரிப்பு இரண்டு பக்கமும் ஒன்றாக வந்த மாதிரி இருந்தது.

27 டிசம்பர், வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இன்று ரோமாபுரி. அகஸ்டஸ் என்ற பட்டம் பெற்று ஒருவர் கி.மு. 27இல் ஆட்சிக்கு வருகிறார். கி.பி. 14இல் இறக்கிறார். "ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், சில மாதங்கள்" என்றாள் கண்ணாடி போட்ட பெண்.

நான் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன்.

"பாத்தியா கனி! இவ்வளவு படிச்ச பொண்ணு, சின்னக் கூட்டல்ல கோட்டை விட்டுட்டா. கி.மு. இருபத்தேழு, கி.பி. பதினாலு. இருபத்தேழும் பதினாலும்?"

"நாப்பத்தொண்ணு டீச்சரம்மா."

"எண் கோட்டுல மைனஸ் இருபத்தேழுலருந்து ப்ளஸ் பதினாலு வரைக்கும் எண்ணிப் பாரு. நாப்பத்தொண்ணு! அவ நாப்பதுங்கிறா. வரலாற்றுக்காரங்களே இப்படித்தான், கணக்குன்னா..."

"இல்ல."

சொன்னது கனி இல்லை.

நாங்கள் திரும்பினோம். புஷ்பம் டீச்சர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. இடது கை விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். பிறகு கரும்பலகையை அழிப்பதுபோல உள்ளங்கையால் அதை அழித்தார்.

"சைபர்... இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவர் மறுபடியும் வட்டம் போட்டு அழித்தார், எரிச்சலோடு. மந்தமான பிள்ளையிடம் காட்டுகிற அந்த எரிச்சல்! "சைபர். இல்ல. இல்ல."

அப்புறம்தான் விளங்கியது. எண் கோட்டில் மைனஸ் ஒன்றுக்கும் ப்ளஸ் ஒன்றுக்கும் நடுவில் பூஜ்யம் இருக்கிறது. வரலாற்றில் இல்லை. கி.மு. 1 முடிந்த மறுநாளே கி.பி. 1. பூஜ்யமாவது ஆண்டு என்று ஒன்று உலகத்தில் நடக்கவே இல்லை. எடுத்துக்காட்டாக, இரண்டு கையையும் கட்டைவிரல் ஒட்டிக்கொள்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் விரல் கிடையாது. ஆகவே ஒன்றைக் கழிக்க வேண்டும். நாற்பதுதான்!

முப்பத்துநாலு வருடம் கணக்கு நடத்தியவள், கழித்தலில், அதுவும் பக்கத்தில் சாட்சி வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தித் தப்புச் செய்திருக்கிறேன். வாழ்க்கையில் எந்தத் தப்பும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "டீச்சரம்மா, நீங்க இப்படியே தப்புத் தப்பா சொல்லுங்க. நல்லாருப்பீக."

28 டிசம்பர், சனி

எப்சியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழுதாள். "அம்மாகிட்ட குடுங்க."

"அம்மா, பேசுனீங்களாமே! பிப்ரவரில நம்ம வீட்டுக்கு வர்றீங்களாம்மா?"

டீச்சர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார்.

3 ஜனவரி, வெள்ளி

புது முறை. நடிப்பு கிடையாது. எனக்கு நிஜமாகவே வரலாறு தெரியாது என்பதை மறந்து, தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு வீண் உழைப்பு! இப்போது பாடம் முடிந்ததும் எனக்கு நானே கேள்வித்தாள் எழுதிப் பதில் எழுதுகிறேன். டீச்சர் இடது கையில் சிவப்புப் பேனா பிடித்துத் திருத்துகிறார்.

இன்று இருபதுக்கு ஏழு.

7 ஜனவரி, செவ்வாய்

கான்ஸ்டாண்டிநோபிளும் இஸ்தான்புல்லும் இரண்டு ஊர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். "ஒண்ணு. ஒண்ணு!" என்று டீச்சர் நாற்காலிக் கையைத் தட்டினார்.

இருபதுக்கு ஒன்பது.

10 ஜனவரி, வெள்ளி

வாஸ்கோடகாமா முதலில் வந்தார், கொலம்பஸ் அடுத்து என்று எழுதினேன். நம் ஊருக்கு வந்தவர்தானே முதலில் கிளம்பியிருப்பார் என்று ஒரு எண்ணம். டீச்சர் இரண்டு பெயரையும் அம்புக்குறியால் இடம் மாற்றினார். "இவன்... முன்னாடி."

கனிக்கு ஒரு சந்தேகம். "இந்தியாவைத் தேடிப் போயிட்டு வேற எங்கயோ எறங்கிட்டு, கடைசி வரைக்கும் இதுதான் இந்தியான்னா அந்தாளு? கூட ஒரு பொம்பளையைக் கூட்டிட்டுப் போயிருந்தா, எறங்கி நாலு பேர்கிட்ட வழி கேட்டிருப்பா."

டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலும் ஒரு கரும்புத் துண்டும் கொண்டுபோனேன். இன்று பாடம் இல்லை என்று நான் சொன்னதும் டீச்சர் ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். அச்சு இயந்திரம் பற்றிப் பார்த்தோம்.

18 ஜனவரி, சனி

டீச்சரிடம் இப்போது "சரி" தவிரப் பதினொரு வார்த்தைகள் இருக்கின்றன. இல்ல, சைபர், ஒண்ணு, முன்னாடி, பின்னாடி, கடல், ராஜா, தப்பு, இவன், அங்க, போர். மதுரைப் பெண் வந்து பார்த்துவிட்டு மிகவும் நல்லது என்றாள்.

எப்சி போன் செய்தாள். ஓசூருக்கு வருகிறீர்களா என்று மறுபடி கேட்டாள். கையில் "இல்ல" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டே டீச்சர் "சரி" என்றார்.

போனை வைத்ததும் நான் கேட்டேன். "டீச்சர், உங்களுக்கு இங்கயே இருக்கணுமா?" அவர் என்னைப் பார்த்தார். கண் நிறைந்தது. தலையை ஒருமுறை, தெளிவாக, மேலும் கீழும் ஆட்டினார்.

அப்படியானால் தெரிந்துவிட்டது. ஆனால் எப்சி கேட்டது தலையாட்டல் இல்லை. நான் போய்ச் சொன்னால், மிஸ் ஆசைப்படுகிறார்கள் என்றுதான் அவள் நினைப்பாள்.

அகஸ்டஸுக்காக "இல்ல" வருகிறது. கொலம்பஸுக்காக வருகிறது. தனக்காகக் கேட்கும் இடத்தில் வரவில்லை. அது பக்கவாதத்தால் வந்ததில்லை, அவருக்கு முன்பிருந்தே உள்ளது. எனக்கு எப்படித் தெரியும் என்பதை மேலே ஒரு தேதியில் எழுதியிருக்கிறேன்.

24 ஜனவரி, வெள்ளி

பாடத்துக்கு முன்னால் டீச்சரிடம் ஒன்று சொல்லலாம் என்று பேச்சை எடுத்தேன். "டீச்சர், அந்தக் காலத்துல பத்து பி வாசல்ல நான்..." என்று ஆரம்பித்தேன். கனி காபி கொண்டுவந்தாள். காபியைப் பற்றிப் பேசினேன்.

இருபதுக்கு பதினாலு.

30 ஜனவரி, வியாழன்

வீட்டில் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. பழைய உலகப் படம் ஒன்று பரணிலிருந்து கிடைத்தது. பள்ளிக்கூடத்துப் படம் இல்லை, டீச்சர் தன் கைக்காசில் வாங்கியது. ஓரமெல்லாம் துணி ஒட்டித் தைத்திருக்கிறார். ஆணியில் மாட்டுகிற கயிறு மட்டும் புதிது போலவே இருந்தது. அது ஏன் தேயவில்லை என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கனி அதைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.

1 பிப்ரவரி, சனி

எப்சி காலையிலேயே வந்துவிட்டாள். நாளை லாரி.

நாலு மணிக்கு நான் போனபோது வீட்டில் பாதி, பெட்டிக்குள் இருந்தது. டிவியை மட்டும் கழற்றவில்லை. டீச்சர் கழற்ற விடவில்லையாம், ரிமோட்டை மடியிலேயே வைத்திருந்தாராம். எப்சி அவர் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை கேட்டாள்.

"அம்மா, நாளைக்குப் போலாம்ல? உங்களுக்குச் சம்மதம்தானே?"

நானும் கனியும் சுவரோடு சுவராக நின்றோம்.

டீச்சரின் உதடு அசைந்தது. நெற்றி சுருங்கியது. மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம், பஸ்ஸில் வந்த களைப்பு.

"சரி" என்றார்.

எப்சி எழுந்து என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சரி, ஆனமட்டும் பார்த்தோம். இனி நேரமிருப்பது ஒரு பாடத்துக்குத்தான், அதையாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று போட்டேன். பிரெஞ்சுப் புரட்சி.

அந்த நாட்டில் மூன்று பிரிவாகக் கூடி ஓட்டுப் போடுவார்களாம். பாதிரிமார் ஒரு பிரிவு, பிரபுக்கள் ஒரு பிரிவு, மற்ற ஜனங்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரு பிரிவு. பிரிவுக்கு ஒரு ஓட்டு. ஆகவே நாட்டில் இருக்கிற ஏறக்குறைய எல்லோரும் எப்போதும் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் மண்டபத்துக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. பக்கத்தில் இருந்த பந்து விளையாடும் கூடத்துக்குள் போய்க் கையை உயர்த்திச் சபதம் எடுத்து நின்றார்கள்.

எனக்கு அப்போது டீச்சருக்கு மாத்திரை கொடுக்கும் நேரமெல்லாம் எப்சிக்குச் சொல்ல வேண்டியிருந்தது நினைவு வந்தது. காலையில் எது, சாப்பாட்டுக்குப் பின் எது, கனிக்கும் எனக்கும்தான் தெரியும். நாளை நேரம் இருக்காது. எழுந்து போய் டீச்சர் மடியிலிருந்த ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன்.

"டீச்சர், ஒரு பத்து நிமிஷம் குடுங்க. இதோ முடிச்சிடறேன்."

சொல்லி முடித்தபின்தான் என் காதில் அது விழுந்தது.

சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் ஓடிய பாதையில் நாக்கு தானாக ஓடிவிட்டது.

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இடது கை நீண்டு வந்து என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடித்தது. அந்தப் பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"குடு... குடுக்க மாட்டேன்."

எப்சி கையிலிருந்த மாத்திரை டப்பா கீழே விழுந்தது.

"என் பீரியடு" என்றார் டீச்சர். பிறகு, அறுபது பிள்ளைகளுக்கும் கேட்கிற குரலில் இன்னொரு முறை. "இது என் பீரியடு!"

நான் ரிமோட்டை விட்டுவிட்டேன். என்ன செய்வது என்று தெரியாமல், வகுப்பில் அதட்டு வாங்கிய பிள்ளை செய்வதைச் செய்தேன். என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

"மன்னிச்சிடுங்க டீச்சர்" என்றேன். "எல்லாத்துக்கும்."

அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எப்சி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள்.

"அம்மா, இன்னொரு தடவை கேக்கறேன். நான் கோவிச்சுக்க மாட்டேன்னு நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க. நாளைக்கு என்கூட வர்றீங்களா?"

டீச்சர் மகளின் கன்னத்தில் கை வைத்தார். வார்த்தையைத் தேடினார். நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று இருந்தோம்.

"மாட்டேன்" என்றார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் கண்ணால் காட்டி, "கிளாஸ்... இருக்கு."

"அதான!" என்றாள் கனி. "அந்தக் கதவைப் பூட்டினாங்களே, அவுக கதி என்னாச்சுன்னு தெரியாம நான் யாரையும் ஓசூருக்கு அனுப்ப மாட்டேன்."

எப்சி சிரித்துக்கொண்டே அழுதாள். வாசலுக்குப் போய் லாரிக்காரரைப் போனில் கூப்பிட்டாள். பெட்டிகளைப் பிரிப்பதற்கு எங்களுக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

லாரி வரவில்லை.

எப்சி இன்னும் நாலு நாள் இருக்கிறாள். கனி இனி நிரந்தரமாக இங்கேயே தங்குவாள். அழுத்தினால் கனிக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் போன் அடிக்கிற மாதிரி ஒரு பட்டனை டீச்சர் கட்டில் பக்கத்தில் பொருத்தியிருக்கிறாள் எப்சி. இவர் வந்து உலகப் படத்துக்குச் சுவரில் ஆணி அடித்துக் கொடுத்தார். இரண்டு முறை கோணலாக அடித்தார். "தப்பு" என்று டீச்சர் சொன்னார், இரண்டு முறையும்.

3 பிப்ரவரி, திங்கள்

வகுப்பு: நான், சண்முகக்கனி, லீவில் இருக்கிற எப்சிபா. பாடம்: பிரெஞ்சுப் புரட்சி. துணைக்கருவி: உலகப் படம். டிவி தேவைப்பட்ட இடங்களில் மட்டும். ஆசிரியர்: கி. தங்கபுஷ்பம்.

கண்ணாடி போட்ட பெண் இரண்டு வாக்கியம் பேசுவாள். டீச்சர் நிறுத்துவார். எழுந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, படத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். "இங்க." கொஞ்ச நேரம் கழித்து, "ரொட்டி... இல்ல." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "கோவம்." நாலு வார்த்தையில் ஒரு நாடு பசியோடு தெருவுக்கு வந்துவிட்டது. நான் நாற்பது நிமிடம் பேசியும் ஒரு தேற்றத்தை இவ்வளவு சுருக்கமாக நடத்தியதில்லை.

அரை மணிப் பாடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வீட்டில் இவர் காபிக்குக் காத்திருப்பார் என்று நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். டீச்சர் கையை நீட்டி மறித்தார். புரட்சி பாதியில் நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை.

"தமயந்தி டீச்சர்" என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு என் பெயரைச் சொன்னது இதுதான் முதல் முறை. விரலை உயர்த்திக் காட்டினார். "பத்து... நிமிஷம்."

பத்து நிமிடம் நாற்பது நிமிடமாகும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், கனிக்கும் எப்சிக்கும் தெரியும்.

"சரி" என்று உட்கார்ந்தேன்.